அண்மையில் வாசித்த கவிதைகளும் கதைகளும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு அலுமாரிகள் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பின்னர், வாசித்து முடிக்கும் ஒவ்வொரு நூலைப் பற்றியும் ஒரு சீ.ஆர். கொப்பியில் குறிப்பு எழுதி வருகிறேன். புத்தகம் இரவல் வாங்க வரும் பழைய மாணவர்களும் அயலவர்களும் உறவினரும் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், விடைகளை ஓர் இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. திறனாய்வுப் பயிற்சி எனக்கு இல்லை. ஒரு வாசகிக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டுமே என்னால் சொல்ல முடியும்.

அண்மையில் வாசித்தவற்றுள் உங்கள் மனத்தில் ஆழமாகத் தங்கியது எது?

இலங்கையர்கோன் எழுதிய ‘வெள்ளிப்பாதசரம்’ என்ற சிறுகதை. ஏழாலையில் 1915இல் பிறந்து 1961இல் மறைந்த இலங்கையர்கோன், சம்பந்தனோடும் சி. வைத்தியலிங்கத்தோடும் சேர்த்து ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவராக எண்ணப்படுபவர். இந்தக் கதையை இளம்வயதில் ஒருமுறை வாசித்து, இனிமையான கதை என்ற எண்ணத்தை மட்டும் வைத்திருந்தேன். சென்ற புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குப் போய் வந்த மறுநாள், கால்விரல்களின் இடையில் இன்னும் மணல் இருக்கும்போதே, அதை மீண்டும் எடுத்து வாசித்தேன்.

கதை சிறியது. இளம் கணவனும் மனைவியும் வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள். சனநெரிசலில் மனைவியின் காலில் இருந்த வெள்ளிப் பாதசரங்களுள் ஒன்று மணலில் தொலைந்துபோகிறது. கணவனுக்குக் கோபம் வருகிறது, வாய்விட்டுக் கடிந்துகொள்கிறான். அதன் பிறகு இருவருக்கும் இடையில் மௌனம் விழுகிறது. திரும்பி வரும் வண்டிப் பயணத்தில், இரவில் எழும் ஒரு பாட்டு அந்த மௌனத்தைக் கரைக்கிறது. இவ்வளவுதான்.

வல்லிபுரத்து வெண்மணலில் நடந்தவர்களுக்கு, அங்கே விழுந்த சிறுபொருள் திரும்பிக் கிடைக்காது என்பதை விளக்க வேண்டியதில்லை. கணுக்கால் வரை புதையும் அந்த மணல் பின்னால் வருபவரின் அடியில் மறுபடியும் புரண்டு மூடிக்கொள்ளும். எழுத்தாளரும் அதை விளக்கவில்லை. இடத்தின் பெயரைச் சொன்னாலே போதும் என்று எங்கள் மீது நம்பிக்கை வைத்திருக்கிறார். முன்பு வாசித்தபோது நான் முழுக்க முழுக்க மனைவியின் பக்கம் நின்றேன். இம்முறை கணவனின் கோபத்தையும் பார்க்க முடிந்தது: அவனுடைய கடுஞ்சொல்லுக்கு அடியில், அந்த வெள்ளியை வாங்குவதற்கு எத்தனை நாள் வெயிலில் நின்றிருப்பான் என்ற கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை அவன் சொல்வதில்லை. கோபமாக மட்டுமே அது வெளியே வருகிறது. இரண்டில் ஒன்றைக் கழித்தால் ஒன்று என்று நான் காலமெல்லாம் கரும்பலகையில் எழுதியவள். சோடியில் ஒன்று போய்விட்டால் மற்றதை அணியவும் முடியாது, எறியவும் மனம் வராது. போரினால் யாழ்ப்பாணத்துச் சனங்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வில் என் அம்மாவின் தோடுகளில் ஒன்று தொலைந்தது. மற்றதை அவர் இறக்கும் வரை றங்குப்பெட்டியின் அடியில், ஒரு மருந்துக் குளிகைப் போத்தலுக்குள் வைத்திருந்தார். அந்தப் போத்தலை நான் இந்தக் கதையின் இரண்டாம் வாசிப்புக்குப் பிறகுதான் வெளியே எடுத்துப் பார்த்தேன்.

கணிதம் படிப்பித்த உங்களுக்குக் கவிதையில் எப்படி ஈடுபாடு வந்தது?

யாப்பின் வழியாக. ஒரு வரியில் இத்தனை சீர், இந்த இடத்தில் எதுகை, இந்த இடத்தில் இயைபு என்ற கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு, கேட்பவருக்கு அது தெரியாமல் பேச்சைப் போல ஒலிக்கச் செய்வது எனக்கு மிகப் பெரிய வித்தையாகத் தோன்றுகிறது. அந்த வகையில் அளவெட்டிக் கவிஞர் மஹாகவியிடம் (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

1966இல் வெளிவந்த அவருடைய ‘குறும்பா’வை இந்த ஆண்டு பேரப்பிள்ளைகளோடு வாசித்தேன். லிமரிக் என்ற ஆங்கில வடிவத்தைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்து அவர் அமைத்த பாவகை அது. ஐந்து அடிகள், முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஒரே ஓசையில் முடியும், இடையில் இரண்டு அடிகள் வேகமாக ஓடும். முத்துக் குளிக்கப் போனவன் முன்னால் காலன் வந்து நிற்கிறான், சத்தமில்லாமல் வந்தவனுடைய கையில் பத்து முத்துகள் பொத்தி வைக்கப்படுகின்றன, காலன் போய்விடுகிறான். எட்டு வயதுப் பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். பத்து முத்துகளை அவளுக்கு விளக்கும்போது, எங்கள் வாழ்நாளில் சோதனைச் சாவடிகளிலும் அலுவலக மேசைகளிலும் கைமாறிய எத்தனையோ பொருள்கள் என் நினைவுக்கு வந்தன.

அவருடைய ‘தேரும் திங்களும்’ கவிதை முற்றிலும் வேறு முகம். மாவிட்டபுரத்தில் 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்தான். இந்த இரண்டையும் நினைவில் கொண்டு அந்தக் கவிதையை வாசிக்க வேண்டும். ஊரெல்லாம் கூடித் தேர் இழுக்கிறது, நாங்களும் வடத்தைப் பிடிப்போம் என்று ஒருவன் வருகிறான். அவனை மறிக்கிறார்கள், அடித்து வீழ்த்துகிறார்கள். தேரில் வந்த அன்னை தன் பிள்ளைகளின் செயலைக் கண்டு ஊமையாக உட்கார்ந்திருக்கிறாள். முந்தநாள் நிலவைத் தொட்டு மீண்டவனின் சுற்றத்தான் மண்ணில் கிடக்கிறான். பூமியிலிருந்து நிலவு ஏறத்தாழ 384,000 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அந்த மனிதனுக்கும் தேர்வடத்துக்கும் இடையில் இருந்தது சில முழம். இந்த இரண்டு தூரங்களையும் கவிஞர் எண்ணால் சொல்லாமலே ஒரே தராசில் வைத்துவிட்டார். எந்தச் சமயத்துத் தேர்த்திருவிழாவையும் எதிர்க்கும் கவிதையாக இதை நான் வாசிக்கவில்லை. வடத்தைப் பிடிக்க வந்தவனின் ஆசையில் பக்தியும் இருக்கிறது, ஊரோடு சேர்ந்து நிற்கும் ஆவலும் இருக்கிறது; அந்த ஆசையைக் கவிஞர் முழு மரியாதையோடு எழுதியதனால்தான் வீழ்ச்சி அவ்வளவு வலிக்கிறது.

போர்க்காலக் கவிதைகளை ஏன் மீண்டும் மீண்டும் வாசிக்கிறீர்கள்? மனம் நோகவில்லையா?

நோகிறது. என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

என் வயதை ஒத்த ஒருவருக்கு இங்கே நடந்தவற்றை அறிய நூல் தேவையில்லை. எனினும், நடந்ததை உடலால் கடந்து வந்தவர்களுக்கு அதைச் சொல்லும் சொல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எங்கள் வீடுகளில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஆண்டையும் இடத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம்: “தொண்ணூற்றைஞ்சு, கைதடிப் பாலம்” என்று ஒருவர் சொல்வார், மற்றவர் தலையை ஆட்டுவார், பேச்சு முடிந்துவிடும். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் நின்றுபோனதைக் கவிதை எடுத்துச் செல்கிறது.

பா. அகிலனின் ‘சரமகவிகள்’ (2011) தொகுதியை இந்த முறை மூன்று கிழமையாக, நாளுக்கு ஒரு கவிதை என்ற அளவில் வாசித்தேன். சரமகவி என்பது யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தபின் அந்தியேட்டிக் கிரியை நாளில் வெளியிடப்படும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுச் சிறுநூலில் பாடப்படும் இரங்கற்பா. பிறந்த ஊர், பெற்றோர், மணம் முடித்த இடம், பிள்ளைகள், மருமக்கள் என்று ஒரு மனிதரின் உறவு முழுவதையும் பெயர் சொல்லி அடுக்குவது அதன் முறை. எங்கள் வீட்டிலேயே அப்படிப்பட்ட கல்வெட்டுகள் பதினாறு இருக்கின்றன. அந்த மரபின் பெயரைத் தலைப்பாக வைத்த இந்நூலில், இறுதிப்போர் நடந்த 2009ஆம் ஆண்டின் உடல்கள் பெயரற்று வருகின்றன. இலக்கமே அவற்றின் அடையாளம். கல்வெட்டில் அரைப்பக்கம் நிறையும் பெயர்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் நிற்கிறது. எண்களை நான் வாழ்நாள் முழுதும் நேசித்தவள். ஓர் எண்ணைப் பார்த்துக் கை நடுங்கியது எனக்கு இந்த நூலில்தான். சொற்களும் மிகக் குறைவு. ஒரு பக்கத்தில் சில வரிகள், மிகுதி வெள்ளைத்தாள். முதலில் அந்த வெறுமையை நான் விரைவாகக் கடந்தேன். பிறகு அதுவும் வாசிக்கப்பட வேண்டிய பகுதி என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் நின்றேன்.

எண் வேறொரு விதமாகவும் கவிதையில் வரலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31ஆம் திகதி இரவு எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதைப் பற்றி எம். ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’யில், நூலகத்துப் படியில் சுட்டுக் கொல்லப்பட்ட புத்தரின் உடலைத் தொண்ணூறாயிரம் புத்தகங்களால் மூடிக் கொளுத்துகிறார்கள், தம்மபதமும் சாம்பலாகிறது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தர வகுப்புக்கான தூய கணித நூலொன்றை அங்கிருந்து எடுத்து வந்து வீட்டில் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி அடுத்த கிழமை. கொலை செய்யப்பட்டவர் புத்தர் என்று எழுதியதன் பொருள் அன்று எனக்குப் பிடிபடவில்லை. எரித்தவர்களின் பெயரை உரத்துச் சொல்லும் கவிதையைத்தான் அன்றைய கோபத்தில் நான் விரும்பியிருப்பேன். இன்று வாசிக்கும்போது, எரித்தவர்கள் எதை இழந்தார்கள் என்பதை அவர்களுக்கே காட்டும் துணிவு அதில் இருப்பதாகத் தெரிகிறது. கோபத்தில் இருப்பவருக்கு அந்தத் துணிவு எளிதில் வாய்ப்பதில்லை.

சிவரமணியைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்ற அவர் 1991இல், இளவயதிலேயே, தன் கவிதைகளை எரித்துவிட்டு மறைந்தார். பிறரிடம் இருந்தவற்றைச் சித்ரலேகா மௌனகுரு தேடித் தொகுத்தார், 22 கவிதைகள். யுத்தகால இரவுகள் பிள்ளைகளை எவ்வளவு விரைவில் பெரியவர்களாக்கிவிடுகின்றன என்று அவர் எழுதியதை வாசித்தபோது, ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் எனக்கு வீட்டுக்கணக்குச் செய்து காட்டிய மாணவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. பன்னிரண்டு வயதில் விமானத்தின் சத்தத்தை வைத்து அதன் வகையைச் சொன்ன பிள்ளைகள் அவர்கள். நான் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்துப் பாராட்டியிருக்கிறேன்.

‘காற்றுவழிக் கிராமம்’ பற்றிய குறிப்பில் “சத்தமாக வாசிக்கவும்” என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்களே, ஏன்?

புங்குடுதீவைச் சேர்ந்த சு. வில்வரத்தினம் (1950–2006) தம் கவிதைகளைப் பாடிக் காட்டுபவர். கண்ணால் மட்டும் வாசித்தால் அவருடைய வரிகளின் மூச்சு பிடிபடாது. 1995இல் வந்த இந்தத் தொகுதி, மக்கள் இடம்பெயர்ந்து போன பின்னர் தனித்துவிடப்பட்ட ஊரைப் பற்றியது. ஆளில்லாத வளவுகளிலும் கோயில் வீதியிலும் காற்று ஒன்றே அலைகிறது.

ஒருநாள் பின்னேரம் கிணற்றடியில் இருந்து, வாழைமரங்களைத் தவிர யாரும் கேட்காத இடத்தில், இதை வாய்விட்டு வாசித்தேன். தீவுப்பகுதியின் காற்றை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் சைக்கிளை மிதித்துப் போவது மலை ஏறுவது போன்றது. காற்று அங்கே ஒரு ஆளைப் போல எதிரில் நிற்கும். மனிதர் எல்லோரும் போய்விட்ட ஊரில் அந்த ஆள் மட்டும் வீடுவீடாகத் தேடிக்கொண்டு திரிகிறார் என்று எண்ணிப் பாருங்கள். கவிதையில் நெடில் எழுத்துகள் வரும் இடங்களில் குரல் தானாக நீள்கிறது. அந்த நீட்சியில் அழைக்கும் குரலும், பதில் வராத இடைவெளியும் இருக்கின்றன. பக்கத்து வளவு அக்கா, “ஆரையப்பா கூப்பிடுறீர்?” என்று வேலிக்கு மேலால் கேட்டார். அதையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாவல்களை நீங்கள் குறைவாகவே வாசிக்கிறீர்களா?

ஆம். கண்ணும் பொறுமையும் முன்போல இல்லை. ஆனாலும் சயந்தனின் ‘ஆதிரை’ (2015) அறுநூறு பக்கங்களைக் கடந்த நூல் என்று தெரிந்தும் எடுத்தேன். இரண்டு மாதம் சென்றது.

எங்களுக்கு, குறிப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேரூன்றியவர்களுக்கு, இந்த நாவல் ஒரு முக்கியமான திருத்தம். தமிழருக்கு எதிரான 1977 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இதன் நடுவில் இருக்கிறார்கள். பெருங்கதையாகச் சொல்லப்படும் போராட்டத்தின் சுமையைக் கடைசிவரை தோளில் தாங்கியவர்களுள் அவர்கள் முக்கியமானவர்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது எங்கள் வாயில் அவர்களின் பெயர் அரிதாகவே வருகிறது. வாசித்துக்கொண்டு போகையில், இந்த மனிதர்களை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று என்னை நானே கேட்டேன். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த உறவினரைப் பார்க்கப் போனபோது, தண்ணீர் அள்ளித் தந்தவர்களையும் வண்டியில் ஏற்றிச் சென்றவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுடைய பேச்சின் வேறுபாட்டைக் கவனித்திருக்கிறேன், பெயர் கேட்டதில்லை. இந்த நாவல் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அவர்களின் சமையல், கலியாணம், பிணக்கு, காதல் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகக் காட்டி, நான் கேட்காமல் விட்டதைச் சொல்லித் தருகிறது. பாத்திரங்கள் மிகப் பலர் என்பதால் நடுவில் யார் யாருக்கு என்ன உறவு என்பது எனக்குக் குழம்பியது. கொப்பியில் ஒரு உறவு மரம் வரைந்து வைத்துக்கொண்டு வாசித்தேன். நீங்களும் அப்படிச் செய்யலாம். கிளைகள் ஒவ்வொன்றாக வெட்டுண்டு போவதை அந்தப் படத்தில் கண்ணால் காணும் துன்பத்துக்கும் ஆயத்தமாக இருங்கள்.

சிறுகதைத் தொகுதிகளில் எவற்றைச் சொல்வீர்கள்?

ரஞ்சகுமாரின் ‘மோகவாசல்’ (1989). அதிலுள்ள ‘கோசலை’யில், பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வீட்டைவிட்டு ஆயுத இயக்கத்துக்குப் போக, தாய் எஞ்சுகிறாள். காட்டுக்குப் போன மகனை நினைத்திருந்த இராமாயணத் தாயின் பெயரைத் தலைப்பில் மட்டும் வைத்துவிட்டு, கதைக்குள் ஓர் எளிய வடமராட்சி வீட்டை எழுதியிருக்கிறார். இராமனுக்குப் பதினான்கு ஆண்டு என்று ஒரு எல்லை இருந்தது. இந்தத் தாய்க்கு எண்ணிக்கொண்டிருக்கக் கூடிய நாள் எதுவும் தரப்படவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி மூன்று தாய்மார் இருந்தார்கள். ஒருவர் இன்னும் இரவில் படலையைப் பூட்டுவதில்லை.

தொண்டைமானாற்றைச் சேர்ந்த குந்தவையின் ‘யோகம் இருக்கிறது’ தொகுதியையும் அவசியம் வாசியுங்கள். அவருடைய குரல் தாழ்ந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மழையிலும் இருளிலும் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்த சனத்தில் நானும் ஒருத்தி. அந்த இரவைப் பற்றிப் பெருங்குரலில் எழுதப்பட்டவற்றை வாசிக்கும்போது என்னுடைய இரவு அதில் இல்லை என்றே உணர்ந்திருக்கிறேன். அங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒரு அடி வைக்க இடம் கிடைக்கிறதா என்று பார்த்தோம், பிள்ளையின் கையை விட்டுவிடாமல் பிடித்தோம். குந்தவையின் ‘பெயர்வு’ அந்தத் தாழ்ந்த குரலை உடையது.

சாதியைப் பற்றிய எழுத்துகளையும் வாசிக்கிறீர்களா?

வாசிக்கிறேன், வாசிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) தொடக்கம், டொமினிக் ஜீவாவின் கதைகள், தெணியானின் நாவல்கள் வரை அலுமாரியில் உள்ளன. தெணியானின் ‘பொற்சிறையில் வாடும் புனிதர்கள்’ (1989) இம்முறை மீண்டும் வாசித்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஓர் எழுத்தாளர், கோயிலுக்குள் வாழும் பிராமணக் குடும்பங்களின் வறுமையையும் கட்டுகளையும் இவ்வளவு பரிவோடு எழுதியிருக்கிறார். அந்தப் பரிவை எங்களில் எத்தனை பேர் அவருடைய சமூகத்தின் மீது காட்டினோம் என்பது நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக நிற்கிறது.

பழந்தமிழ்ப் பாடல்களும் குறிப்பில் இருக்கின்றனவே?

ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். குறுந்தொகையின் நாற்பதாம் பாடலில் வரும் செம்புலப் பெயல்நீர் எல்லோருக்கும் தெரிந்த உவமை: செம்மண்ணில் பெய்த மழைநீர் அந்த நிறத்தை ஏற்றுப் பிரிக்க முடியாமல் கலந்துவிடுவதைப் போல இரு நெஞ்சங்கள் கலந்தன. வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பாடல் எப்போதும் எங்கள் தோட்டத்துப் பாடல்தான். சென்ற மாரியில், முதல் மழை விழுந்த நேரம், இந்தப் பாடல் திறந்தபடி இருந்த புத்தகத்தோடு விறாந்தையில் இருந்தேன். முற்றத்தில் ஓடிய நீர் சிவந்தது. அரை மணி நேரத்தில் அது முற்றத்தில் இல்லை. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல்; மழைநீர் அதன் வெடிப்புகள் வழியாக இறங்கிவிடும். மறுநாள் கிணற்றில் அள்ளிய தண்ணீர் தெளிவாக இருந்தது. பாடியவர் எண்ணிய நிலம் வேறாக இருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு, கலந்து சிவந்த அந்த நீர் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போய்த் தெளிந்து, நாளும் குடிக்கும் தண்ணீராக வருவதை நான் அறிவேன். அதனால் எனக்கு அந்தப் பாடல் கலத்தலோடு முடியவில்லை.

விளங்காத கவிதையை என்ன செய்வீர்கள்?

ஒரு கிழமை கழித்து மீண்டும் வாசிப்பேன். அப்போதும் விளங்காவிட்டால், விளங்கிய ஒரு வரியைக் கொப்பியில் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவேன். கணக்கில் போல இங்கே விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் எடுத்தது.

பிடிக்காமல் நிறுத்திய நூல்களும் உண்டா?

உண்டு, பெயர் சொல்ல விரும்பவில்லை. எங்கள் துயரத்தைப் பெரிய சொற்களால் மட்டும் சொல்லிக்கொண்டு போகும் நூல்களில் நாற்பது பக்கத்துக்கு மேல் என்னால் போக முடிவதில்லை. குருதி, சாம்பல், கண்ணீர் என்ற சொற்கள் ஒரே பக்கத்தில் மூன்று முறை வந்தால், எழுதியவர் அந்த இடத்தில் இருந்த ஒரு பொருளைக்கூட உற்றுப் பார்க்கவில்லையோ என்ற ஐயம் வந்துவிடுகிறது. ஒரு குளிகைப் போத்தல், ஒரு பூட்டாத படலை, தேர்வடம், இலக்கத் துண்டு: இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் மிகுதியை நான் அறிவேன்.

என் பிள்ளைக்குப் பதினான்கு வயது. எதைக் கொடுத்துத் தொடங்கலாம்?

‘குறும்பா’விலிருந்தும், செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ நாவலிலிருந்தும் தொடங்குங்கள். ஊரைவிட்டுப் போகாத ஆச்சி ஒருத்தி கதிர்காமத்துக்குப் புறப்படும் கதை அது. சிரித்துச் சிரித்து வாசிக்கலாம். போர்க்கால நூல்களைப் பிள்ளை தானாகக் கேட்கும்போது கொடுங்கள், பக்கத்தில் இருந்து கொடுங்கள். வாசித்த பின் அவர்கள் கேட்கும் கேள்விக்கு நீங்கள் வாழ்ந்த நாளிலிருந்து ஒரு பதில் சொல்ல வேண்டி வரும்.

இந்த நூல்களை எங்கே பெறலாம்?

பழைய பதிப்புகள் பல கடைகளில் இல்லை. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றி வாசிக்கலாம். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யின் பழைய இதழ்களையும் நான் அங்கேதான் பார்த்தேன். அப்பா வாங்கிச் சேர்த்திருந்த இதழ்கள் இடப்பெயர்வில் கறையானுக்குப் போய்விட்டன. அவர் கோடிட்டு வைத்திருந்த ஒரு கதையை அங்கே கோடில்லாமல் மீண்டும் வாசித்தேன். புதிய நூல்களுக்கு யாழ் நகரப் புத்தகக் கடைகளைக் கேளுங்கள். பொது நூலகத்துக்கும் போங்கள்; எரிந்த கட்டடத்தைத் திருத்தி மீண்டும் திறந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

உங்களிடம் இரவல் வாங்கலாமா?

வாங்கலாம். ஒருமுறைக்கு ஒரு நூல், மூன்று கிழமை. பெயரையும் திகதியையும் கதவுக்குப் பின்னால் தொங்கும் கொப்பியில் நீங்களே எழுத வேண்டும். ஓரத்தில் பென்சிலால் குறிக்கலாம், பேனையால் வேண்டாம். ‘சரமகவிகள்’ இப்போது உரும்பிராயில் ஒரு பழைய மாணவனிடம் இருக்கிறது. இரண்டு முறை தவணை கேட்டுவிட்டான். தன் தகப்பனின் கல்வெட்டை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னான், அதனால் நான் திகதியை வெட்டிவிட்டு இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.